அடிப்பிடித்த பாகுப் பாத்திரம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

பாலோ பாயசமோ அடிப்பிடித்துவிட்டால் அந்த வாடை அடுத்த வீடு வரை எட்டும். பாயசத்தையாவது மேலாக எடுத்து எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் அந்தப் பாத்திரத்தைத் துலக்க வேண்டியவர் பாடுதான் பெரும்பாடு! நம் வீட்டுச் சிறு பாத்திரத்திற்கே இப்படி என்றால், ஓர் ஆள் படுக்கும் அளவு நீளமுள்ள எவர்சில்வர் பாத்திரம் அடிப்பிடித்துக் கருகினால் என்ன செய்வது? கனடா நாட்டிலும், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பனிக்காலம் முடியும் வேளையில் ஆண்டுதோறும் பலருக்கு நேரும் சங்கடம் இது. அவர்கள் காய்ச்சுவது மேப்பிள் மரத்தின் இனிப்பு நீர். அது பாகாகும்போதுதான் பாத்திரம் தீய்கிறது.

‘எங்கோ இருக்கும் மரத்தின் பாகு நமக்கு எதற்கு?’ என்று சில தோழியர் கேட்கலாம். அமிலம், காரம், உப்பு என்னும் பாடத்தைப் படித்தபோது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தப் பாத்திரத்தைத் துலக்கும் முறையைப் படிக்கப் படிக்க, நம் பாடப் புத்தகத்தில் உள்ளது முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதைக் கண்டோம். நம் சமையலறைக்கும் அதில் செய்தி உண்டு. ஆகவே அதனை இங்கே விளக்க முயல்கிறோம்.

மரம் தரும் இனிப்பு நீர்

மேப்பிள் மரங்களில் பல வகை உண்டு. அவற்றுள் பாகுக்குப் பெயர் பெற்றது ‘சர்க்கரை மேப்பிள்’. 1965ஆம் ஆண்டு முதல் கனடாவின் கொடியில் சிவப்பாக விளங்குவது மேப்பிள் இலையே. ஐரோப்பியர் அங்கு வருவதற்கு முன்பே அபெனாக்கி, அனிஷினாபே முதலிய பழங்குடி மக்கள் இந்த மரத்தின் நீரைப் பிர்ச் மரப்பட்டையால் செய்த கலங்களில் சேகரித்து இனிப்பாக்கி உண்டனர். இன்று உலகில் கிடைக்கும் மேப்பிள் பாகில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செய்யப்படுகிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் முதலிடம் வகிக்கிறது.

இரவில் நீர் உறையும் குளிரும், பகலில் பனி உருகும் இளவெயிலும் மாறி மாறி வரும் நாட்களில்தான் இந்த நீர் நன்றாகச் சுரக்கும். பெரும்பாலும் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை, நான்கு முதல் ஆறு வாரங்களே இதற்குரிய பருவம். மரத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு துளையிட்டு, அதில் குழாய் பொருத்தி நீரைச் சேகரிக்கிறார்கள். மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் நீரின் சுவை கெட்டுவிடும். அத்துடன் அந்த ஆண்டின் வேலை முடிந்தது.

மரத்திலிருந்து வரும் நீர் பார்வைக்குத் தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். அதில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதமே. பாகிலோ 66 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். அப்படியானால் எவ்வளவு நீரை ஆவியாக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! ஒரு லிட்டர் பாகு கிடைக்க 40 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் காய்ச்ச வேண்டும். இதற்கு ‘ஜோன்ஸ் விதி’ என்று ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். மர நீரில் உள்ள சர்க்கரையின் சதவீதத்தால் 86ஐ வகுத்தால், ஒரு பங்கு பாகுக்கு எத்தனை பங்கு நீர் தேவை என்பது தெரிந்துவிடும். 86ஐ 2ஆல் வகுத்தால் 43 அல்லவா?

காய்ச்சும் பாத்திரம்

இவ்வளவு நீரையும் குடத்திலும் அண்டாவிலும் காய்ச்சிக் கொண்டிருக்க முடியாது. ஆழம் குறைந்து, பரப்பு மிகுந்த நீள்சதுரப் பாத்திரங்களே இதற்கு ஏற்றவை. நீண்ட அடுப்பின் மேல் பெரும்பாலும் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். பின்பக்கப் பாத்திரத்தின் அடியில் ஆழமான மடிப்புகள் உண்டு. தீயின் வெப்பம் அந்த மடிப்புகளின் இடையே புகுந்து செல்வதால் நீர் விரைவில் ஆவியாகும். முன்பக்கப் பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்கும். தடுப்புகளின் வழியே வளைந்து வளைந்து வரும் நீர் இங்கேதான் கெட்டியாகிப் பாகாகிறது. நீரின் கொதிநிலையைவிடச் சுமார் 4 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாக, அதாவது 104 டிகிரியில் கொதிக்கும்போது பாகு பதமாகிவிட்டது என்று பொருள்.

முற்காலத்தில் இரும்புக் கொப்பரைகளும் தகரப் பாத்திரங்களும் பயன்பட்டன. தகரத்தின் மூட்டுகளைக் காரீயம் கலந்த பற்றினால் இணைத்தார்கள். காரீயம் உடலுக்கு நஞ்சு என்பதால், இன்று எவர்சில்வரே இந்தத் தொழிலில் முதன்மை பெற்றிருக்கிறது.

எவர்சில்வர் என்று நாம் அழைத்தாலும் அதில் வெள்ளி துளியும் இல்லை. இரும்புடன் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்ததே பாத்திரங்களுக்குப் பயன்படும் நல்ல எவர்சில்வர். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரயர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பாத்திரத்தை மூடிக் காக்கிறது. இலேசாகக் கீறினாலும் அந்தப் படலம் தானே மீண்டும் உண்டாகிவிடும். இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பாத்திரம் துலக்குவதில் உள்ள நன்மை தீமை அனைத்தும் இந்தப் படலத்தைப் பொறுத்தவையே.

ஏன் தீய்கிறது?

எவர்சில்வருக்கு ஒரு குறை உண்டு. வெப்பத்தைப் பரப்புவதில் அது மிகவும் மந்தம். செம்பு கடத்தும் வெப்பத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தான் அது கடத்துகிறது. ஆகவே தீ நேராகப் படும் இடம் மட்டும் கடுமையாகச் சூடாகிவிடும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பால் நடுவில் மட்டும் அடிப்பிடிப்பதற்குக் காரணம் இதுவே. (அதற்காகத்தான் சில பாத்திரங்களின் அடியில் செம்பு பூசி விற்கிறார்கள்.)

பாத்திரத்தில் நீர் இருக்கும் வரை அபாயம் இல்லை. வரும் வெப்பத்தை எல்லாம் நீர் வாங்கி ஆவியாகிவிடுவதால் அடித்தகடு அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. நீர் மட்டம் குறைந்தால்தான் ஆபத்து. ஓர் அங்குலத்திற்குக் கீழே பாகு இறங்கினால், இரண்டொரு நிமிடத்தில் நீர் வற்றி, சர்க்கரை பழுப்பாகி, கருகி, இறுதியில் வெறும் கரியாகிவிடும். விறகடுப்பை நினைத்தவுடன் அணைக்கவும் முடியாதே! நீர் வரும் குழாய் அடைபட்டாலும் இதே கதிதான். நுரை பொங்கும்போதும் அடித்தகடு வெறுமையாகக் காயக்கூடும். அதனால் நுரையை அடக்க ஒரு துளி வெண்ணெயோ பாலாடையோ விடுவது அவர்களுடைய பழைய வழக்கம். நம் ஊரில் வெல்லம் காய்ச்சுபவர்களும் பொங்கும்போது சிறிது எண்ணெய் விடுவதுண்டு அல்லவா? நாடு வேறானாலும் நுரை ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிந்தும் பலர் கவனியாதது. மரத்தின் நீரில் சர்க்கரை மட்டுமன்றிச் சிறிதளவு கால்சியமும் மாலிக் அமிலமும் உள்ளன. நீர் வற்ற வற்ற இவையும் செறிந்து, கால்சியம் மாலேட் என்னும் உப்பாக மாறி, மணல் போலப் பாத்திரத்தின் அடியில் படிகின்றன. இதனைச் ‘சர்க்கரை மணல்’ என்கிறார்கள். ‘நைட்டர்’ என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் வெடியுப்பான உண்மை நைட்டருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த மணல் அடியில் ஏடாகப் படிந்துவிட்டால், தகட்டின் வெப்பம் பாகுக்குச் செல்வது தடைபடுகிறது. தகடு மேலும் மேலும் சூடாகிறது. படிந்த ஏட்டினுள் சிக்கிய சர்க்கரை கருகுகிறது. பாகு போதிய அளவு இருந்தும் பாத்திரம் தீய்ந்துவிடுகிறது!

தீய்ந்தால் நட்டம் சிறிதன்று. கருகிய வாடை ஏறிய பாகை எவ்வளவு வடிகட்டினாலும் பழைய சுவை வராது. அடித்தகடு கோணிக் கொள்ளலாம், மூட்டு விட்டுப் போகலாம். பாத்திரம் பழுதாகிக் கிடக்கும் நாட்களில் மரங்கள் நீர் சுரப்பதை நிறுத்துவதில்லை. காய்ச்சப்படாத நீர் வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். நான்கைந்து வாரப் பருவத்தில் நான்கைந்து நாள் போனால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயில் எவ்வளவு குறையும்!

இரண்டு அழுக்குகள், இரண்டு மருந்துகள்

இனித் துலக்கும் முறைக்கு வருவோம். தீய்ந்த பாத்திரத்தைக் கண்டவுடன் கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்ப்பதே நம் வழக்கம். முதலில் அதில் ஒட்டியிருப்பது என்ன என்று அறிய வேண்டும். மேப்பிள் பாத்திரத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று கருகிய சர்க்கரை. மற்றொன்று சர்க்கரை மணலாகிய உப்பு. முன்னதை இளக்குவது காரம். பின்னதைக் கரைப்பது அமிலம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். பொங்கி நுரைப்பதைக் கண்டு நாம் மகிழலாம், ஆனால் வேலை நடவாது.

இதனை எங்கள் வகுப்பில் சோதித்தும் பார்த்தோம். வேதியியல் ஆசிரியையின் மேற்பார்வையில் இரண்டு பழைய எவர்சில்வர் கிண்ணங்களில் வெல்லப்பாகைக் கருக விட்டோம். ஒன்றில் சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றி இருபது நிமிடம் கொதிக்க வைத்தோம். ஆறியபின் தேங்காய் நாரால் தேய்த்ததும் கரி ஏடு ஏடாகப் பெயர்ந்தது. மற்றொன்றில் வினிகர் ஊற்றிச் சூடாக்கினோம். கரியில் பெரும்பகுதி அசையவில்லை. பிறகு, ஆழ்துளைக் கிணற்று நீரால் வெள்ளை உப்புப் படிந்த ஒரு கெண்டியை எடுத்துக் கொண்டோம். அதில் சோடா நீர் ஒன்றும் செய்யவில்லை. வினிகரோ குமிழியிட்டு உப்பைக் கரைத்துவிட்டது. (கெண்டியில் இருப்பது கால்சியம் கார்பனேட் ஆதலால் கார்பன்டை ஆக்சைடு குமிழிகள் எழும். மேப்பிள் மணலில் குமிழி எழாது, ஆனால் அமிலத்தில் கரையும்.)

துலக்கும் முறை

தீய்ந்த பாத்திரத்தைத் துலக்கும்போது வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை இவை:

1. முதலில் தீயைத் தணித்து, பாத்திரத்தை ஆற விட வேண்டும். காய்ந்து பழுத்த தகட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது சட்டெனச் சுருங்கிக் கோணிவிடும்.

2. ஆறியபின் வெந்நீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும். கருகாத சர்க்கரை முழுவதும் கரைந்துவிடும். கரைவதைக் கரைத்துவிட்டால் தேய்க்க வேண்டியது பாதியாகக் குறையும்.

3. பிறகு சமையல் சோடா கலந்த நீரை ஊற்றி மெல்லக் கொதிக்க விட வேண்டும். கொதிக்கும்போது சோடாவின் ஒரு பகுதி சலவைச் சோடாவாக மாறுவதால் காரத்தன்மை மிகும். கரியின் பிடி தளரும். பின்னர் மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ தள்ளி எடுக்கலாம்.

4. சோடா நீர் முழுவதும் போகுமாறு நன்றாகக் கழுவ வேண்டும். இதை விட்டுவிட்டால் அடுத்து ஊற்றும் அமிலத்தின் வலிமை வீணாகும்.

5. இப்போது வெள்ளை வினிகரை நீருடன் கலந்து ஊற்றி, இளஞ்சூட்டில் சில மணி நேரமோ ஓர் இரவோ ஊற வைக்க வேண்டும். சர்க்கரை மணல் இளகிக் கரையும். பெரிய பண்ணைகளில் இதற்கென்றே பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துலக்கும் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அவற்றைத் தொட வேண்டும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்ற ஆய்வக விதி அங்கும் பொருந்தும்.

6. இறுதியாக மூன்று நான்கு முறை நல்ல நீரால் அலச வேண்டும். கடைசியாக அலசிய நீரில் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தால் நீலத்தாள் சிவக்கக் கூடாது, சிவப்புத்தாள் நீலமாகக் கூடாது. அடுத்து அதில் காய்ச்சுவது குழந்தைகளும் உண்ணும் பொருள் அல்லவா?

இவற்றோடு காசு செலவில்லாத ஒரு பழைய முறையும் உண்டு. பருவத்தின் இறுதியில் வரும் சுவை கெட்ட மர நீரைப் பாத்திரத்தில் ஊற்றி அப்படியே சில வாரங்கள் விட்டுவிடுவார்கள். நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். அந்த அமிலம் மெல்ல மெல்ல மணலை இளக்கிவிடும். நாற்றம் சகிக்காதாம்! ஆனால் பாத்திரம் பளபளக்குமாம். அழுக்கைக் கொடுத்த மரமே மருந்தையும் கொடுக்கிறது. நம் பாட்டிமார் புளியால் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதும் இதே தத்துவந்தான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது.

செய்யத் தகாதவை

அவசரம் மிகும்போதுதான் கேடு விளைகிறது. விரைவில் வேலை முடியட்டும் என்று கழிவறை கழுவும் அமிலத்தை எவர்சில்வரில் ஊற்றுபவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு, நாம் முன்பு சொன்ன காப்புப் படலத்தைத் துளைத்து, ஊசி முனை போன்ற குழிகளை உண்டாக்கும். வெளுப்புத் தூளும் அப்படியே. உப்புக் கரைசலை நாட்கணக்கில் எவர்சில்வரில் வைத்திருந்தாலும் இக்குழிகள் விழும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. வெளுப்புத் தூளுடன் வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைப் பாதிக்கும். மூடிய அறையில் உயிருக்கே உலை வைக்கும். ‘இரண்டையும் கலந்தால் இரட்டிப்புச் சுத்தம்’ என்று எண்ணிக் குளியலறையில் கலப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தோழியரே, இந்தக் கட்டுரையில் மற்றவற்றை எல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை உங்கள் வீட்டாரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இரும்பு நாரால் தேய்ப்பதும் எவர்சில்வருக்கு ஆகாது. நாரின் துகள்கள் கீறல்களில் தங்கித் துருப்பிடிக்கும். பார்ப்பவர் எவர்சில்வரே துருப்பிடித்தது என்று எண்ணிக் கொள்வார்கள். கீறல் மிகுந்தால் அடுத்த முறை அழுக்கும் எளிதில் ஒட்டும். தேங்காய் நாரே போதுமானது. மேலும், சோடாவைக் கொதிக்க வைக்கும் முறை எவர்சில்வருக்கு மட்டுமே உரியது. அலுமினியப் பாத்திரத்தில் அதைச் செய்யக் கூடாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கருக்க வைக்கும்.

வருமுன் காத்தல்

தேய்த்துத் தேய்த்துக் கை சிவப்பதைவிடத் தீயாமல் காப்பதே அறிவுடைமை. தேர்ந்த பாகு காய்ச்சுபவர்கள் பாத்திரத்தில் ஒன்றரை அங்குலத்திற்குக் குறையாமல் நீர் வைத்திருப்பார்கள். அடுப்பருகே ஒரு வாளி நீர் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். மட்டம் இறங்குவதைக் கண்டால், தீய்வதற்கு முன்பே ஊற்றுவதற்காக அது. மணல் படியத் தொடங்கியதும் முன்பக்கப் பாத்திரத்தை எடுத்துவிட்டுத் தூய்மையான மாற்றுப் பாத்திரத்தை வைப்பார்கள். சில அடுப்புகளில் பாகு ஓடும் திசையையே சில மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றி விடுவார்கள். கெட்டிப் பாகு இருந்த இடத்திற்கு நீர்த்த பாகு வருவதால், படிந்த மணல் மீண்டும் கரைந்து போகிறது. பாத்திரம் வேலை செய்து கொண்டே தன்னைத் தானே துலக்கிக் கொள்கிறது!

நாள்தோறும் படிவதை நாள்தோறும் கழுவினால் வெந்நீரே போதும். ஒரு வாரம் விட்டால் வினிகர் வேண்டும். பருவம் முழுவதும் விட்டால் கடும் அமிலம் வேண்டும். அதற்குள் தீய்ந்துவிட்டால் எதுவும் முழுமையாக உதவாது.

மேப்பிள் தோட்டங்களில் பாத்திரம் துலக்குவதை யாரும் தாழ்ந்த வேலையாகக் கருதுவதில்லை. பாகு காய்ச்சும் குடும்பத்தில், ஆணோ பெண்ணோ, அடுப்பின் பொறுப்பு யாருடையதோ பாத்திரத்தின் பொறுப்பும் அவருடையதே. நம் வீடுகளிலோ சமைத்து, துலக்கி, கவிழ்த்து வைத்துவிட்டு உறங்கச் செல்பவர் பெரும்பாலும் அம்மாதான். ஊற வைப்பதா, கொதிக்க வைப்பதா, புளியா, சோடாவா என்று அவர் தினமும் எடுக்கும் முடிவுகள் அமிலம், காரம், உப்பு என்னும் பாடம்தான். நாம் அதைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவர் அதைக் கையால் அறிந்து வைத்திருக்கிறார்.

எனவே அடுத்த முறை வீட்டில் பாத்திரம் அடிப்பிடித்தால், அம்மாவிடமிருந்து அதை நாம் வாங்கிக் கொள்வோம். தம்பியையும் அருகே அழைத்துக் கொள்வோம். முதலில் ஆற விடுவோம். ஒட்டியிருப்பது கரியா, உப்பா என்று பார்ப்போம். அதற்குரிய மருந்தை அளவோடு இட்டு, பொறுமையோடு காத்திருப்போம். பாத்திரமும் பளிச்சிடும், படித்த பாடமும் மனத்தில் நிற்கும், அம்மாவுக்கும் அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கும்.